கயிறு இல்லாத கவிதை

1975 டிசம்பர் 27ஆம் தேதி, தன்பாத் அருகே சஸ்நாலா நிலக்கரிச் சுரங்கத்தில், மேலே நீர் தேங்கிக் கிடந்த பழைய சுரங்கத்தின் வெள்ளம் புகுந்தது. 370க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நீரை இறைத்து உடல்களை எட்டவே வாரக்கணக்காயிற்று. இதை வைத்து 1979இல் யாஷ் சோப்ராவின் 'காலா பத்தர்' வந்தது. படத்தின் மையம் சுரங்கம் அல்ல; கப்பலைக் கைவிட்டு ஓடிய ஒரு முன்னாள் கேப்டனின் குற்றவுணர்வு. வெள்ளம் அவன் தன்னை மீட்டுக்கொள்ள ஒரு சந்தர்ப்பம், அவ்வளவே. நிஜத்தில் எவரும் மீளாத குழியிலிருந்து படம் சிலரை மேலேற்றி நம்மைச் சமாதானப்படுத்தி அனுப்புகிறது.

1989 நவம்பரில் ராணிகஞ்ச் மகாவீர் சுரங்கத்தில் நடந்தது வேறு. வெள்ளத்தில் 6 பேர் இறந்தனர். 65 பேரை, பூமியில் துளையிட்டு, இரும்புக் கூண்டில் ஒவ்வொருவராக எடுத்தார்கள். ஜஸ்வந்த் சிங் கில் என்ற எஞ்சினியர் தானே அந்தக் கூண்டில் இறங்கினார். அவருடைய தைரியம் நிஜம். அதற்குக் கீழே ஒரு கூண்டும், மேலே அதை இழுக்கப் பல கைகளும் இருந்தன என்பதும் நிஜம்.

இதையெல்லாம் நான் சொல்வது என் தவறு ஒன்றின் காரணமாக. சில வருஷங்களுக்கு முன், கழிவுநீர்த் தொட்டியில் இறந்த இருவர் பற்றிய ஒரு கவிதையைப் புகழ்ந்து மதிப்புரை எழுதினேன். அதில் இரண்டாமவன், முதலாமவனைக் காப்பாற்ற இறங்கியவன். அந்த இறக்கத்தைக் கவிஞர் தியாகத்தின் படிமமாக உயர்த்தியிருந்தார். நானும் கூடவே உயர்ந்தேன்.

விழுப்புரத்திலிருந்து தினமும் ரயிலில் திண்டிவனம் போய்வரும் பாங்க் குமாஸ்தா நான். சென்ற வருஷம், நிவாரணத் தொகைக்காகக் கணக்குத் தொடங்க ஒரு பெண் வந்தார். பாரத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். நான் கேட்காமலே சொன்னார்: "தம்பி உள்ள விழுந்துட்டான்னு இவரும் எறங்கிட்டாரு சார். ஒரு கயிறு கூட இல்ல."

வீட்டுக்கு வந்து அந்தக் கவிதையை மறுபடி படித்தேன். அதில் கயிறு இல்லை. கயிறு இல்லாததும் இல்லை. 'விஷவாயு தாக்கி இருவர் பலி' என்ற பத்திரிகை வாக்கியத்தைத்தான் கவிதையும் எழுதியிருக்கிறது, அழகாக. தாக்கியது வாயு, இறக்கியவன் வாக்கியத்திலேயே இல்லை. ஆட்களை இப்படி இறக்குவதை 2013ஆம் வருஷச் சட்டம் தடை செய்கிறது. சாவுக்கு 2014இல் 10 லட்சமும் 2023இல் 30 லட்சமும் இழப்பீடு என்றது உச்ச நீதிமன்றம். சட்டமாவது இறக்கியவன் யார் என்று கேட்கிறது. கவிதைக்கு அந்தக் கேள்வியே எழவில்லை; எனக்கும் எழவில்லை.

கவிதை கோஷம் போட வேண்டும் என்று சொல்லவில்லை. கோஷமும் கயிற்றைப் பார்ப்பதில்லை. மதிப்புரையை வாபஸ் வாங்குகிறேன்.