கைத்தடம் காட்டாத கடிகாரம்

கையால் செய்த பொருளில் செய்தவரின் கைத்தடம் தெரிய வேண்டும் என்பது நம்மிடையே ஊறிப்போன ரசனை. குயவரின் விரல் பதிந்த பானையை, அந்தப் பதிவுக்காகவே மெச்சுகிறோம். ஆங்கிலேயக் கடிகாரக் கலைஞர் ஜார்ஜ் டேனியல்ஸ் (1926–2011) இந்த ரசனையை ஏற்காதவர். ரோஜர் ஸ்மித் என்னும் இளைஞர் ஒன்றரை ஆண்டு உழைத்துத் தாமே செய்த சட்டைப்பைக் கடிகாரத்தை அவரிடம் கொண்டுபோய்க் காட்டினார். கையால் செய்ததுபோல் தெரிகிறது என்பதையே குறையாகச் சொல்லி, டேனியல்ஸ் அவரைத் திருப்பி அனுப்பினார். கைத்தடம் மறையும்வரை கை உழைக்க வேண்டும் என்பது அவர் கட்சி. கடுமையான அளவுகோல்தான். அவருடைய கடிகாரங்களையும் அதே அளவுகோலால் அளப்பதே நியாயம்.

வறுமையில் வளர்ந்த டேனியல்ஸ் பழுதுபார்ப்பவராகத் தொழிலைத் தொடங்கி, 1969-இல் தமது முதல் கடிகாரத்தைச் செய்து முடித்தார். குவார்ட்ஸ் கைக்கடிகாரம் விற்பனைக்கு வந்ததும் அதே ஆண்டில்தான். சாவி கொடுக்கும் கடிகாரத்தின் காலம் முடிந்தது என்று பலரும் கருதிய வேளையில், பிற்காலத்தில் மான் தீவில் அமைந்த தமது பட்டறைவரை, உறை, முகப்பு, முள், பற்சக்கரம் என முப்பதுக்கும் மேற்பட்ட தனித்தொழில்களை ஒருவராகவே பயின்று அவர் கடிகாரம் படைத்தார்.

அவர் கைவைத்த இடம் கடிகாரத்தின் இதயம். சுருள்வில்லின் விசையைச் சிறிது சிறிதாக விடுவித்து, ஊசலாடும் சமநிலைச் சக்கரத்துக்கு உந்துதல் தரும் உறுப்பை எஸ்கேப்மென்ட் என்பர். 18-ஆம் நூற்றாண்டில் தாமஸ் மட்ஜ் வகுத்த நெம்புகோல் முறையே இன்றும் பெரும்பான்மை. அதில் சக்கரத்தின் பல், மாணிக்கக் கல்லின் மேல் சறுக்கிக்கொண்டே உந்துகிறது. சறுக்கலுக்கு எண்ணெய் தேவை. எண்ணெய் நாளடைவில் தடிக்கும். அதனோடு நேரமும் பிசகும். டேனியல்ஸ் எண்ணெயைத் திருத்த முயலவில்லை; சறுக்கலையே குறைத்தார். ஒரே அச்சில் இரு சக்கரங்கள், மூன்று கற்கள். தேய்த்துத் தள்ளாமல், தொட்டுத் தள்ளி விலகும் உந்துதல். கோ-ஆக்சியல் எனப்படும் இம்முறைக்கு 1980-இல் காப்புரிமை பெற்றார். சுவிஸ் நிறுவனங்கள் நெடுநாள் தயங்கின. ஒமேகா 1999-இல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தொழிற்சாலை வடிவத்தில் எண்ணெய் முற்றாக நீங்கிவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

முகப்புக்கு வரும்போது நம் வியப்பு சற்றுத் தணிகிறது. நுண்கோடு இழைத்த வெள்ளித்தட்டும் மெல்லிய முட்களும் கண்ணுக்கு இனியவை. ஆனால் அவை பிரெகெயின் நிழலிலேயே நிற்கின்றன. அந்த மேதையைப் பற்றித் தனி நூலே எழுதியவர் டேனியல்ஸ். பற்று மிகுந்த இடத்தில் துணிவு குறைந்துவிட்டது போலும். உள்ளே புதுமை, வெளியே பழமை. நிலவுப் பயணத்தின் நினைவாக 1982-இல் செய்த ‘ஸ்பேஸ் டிராவலர்’ சூரிய நேரத்தையும் விண்மீன் நேரத்தையும் அருகருகே இரு வட்டங்களில் காட்டுகிறது. அங்கு மட்டும் முகப்பின் அமைப்பு பொருளிலிருந்தே பிறந்திருக்கிறது. அக்கடிகாரம் 2019-இல் லண்டன் ஏலத்தில் 36 லட்சம் பவுனுக்கு மேல் விலைபோனது. அத்தகைய விலை, ஓட வேண்டிய கடிகாரத்தைப் பெட்டகத்தில் உறங்க வைத்துவிடுகிறது என்பது நம் வருத்தம்.

எனவே டேனியல்ஸின் தலைசிறந்த படைப்பாக நாம் கருதுவது ஒரு கடிகாரத்தை அன்று; 1981-இல் வெளிவந்த ‘வாட்ச்மேக்கிங்’ என்னும் நூலை. தொழில் மறைகளைப் பூட்டி வைக்காமல், எந்தத் துண்டை எப்படிக் கடைவது, எப்படி மெருகேற்றுவது என்று படங்களுடன் விளக்குகிறார். அல்-ஜஸரியை அறிந்தோருக்கு இந்த மனப்பாங்கு புதிதன்று. அர்துகீ அரசவையில் பணிபுரிந்த அவர் ஹிஜ்ரி 602-இல், அதாவது கி.பி. 1206-இல், நிறைவு செய்த நூலில் நீர்க்கடிகாரங்களின் உறுப்புகளை அளவுகளோடு எழுதிவைத்தார், பின்வரும் கைவினைஞர் திரும்பச் செய்யட்டும் என்றே. அதைக் கொண்டு அவருடைய கோட்டைக் கடிகாரத்தை 1976-இல் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்காக மீண்டும் செய்து காட்டினர். 770 ஆண்டு கழித்தும் ஏடு தன் வேலையைச் செய்திருக்கிறது.

டேனியல்ஸின் நூல் அவ்வளவு காத்திருக்க நேரவில்லை. திருப்பி அனுப்பப்பட்ட ஸ்மித் அதைப் பக்கத்தில் விரித்துவைத்தே இரண்டாவது கடிகாரத்தைத் தொடங்கினார். ஐந்து ஆண்டுக்கு மேல் பிடித்தது. தேறாத துண்டுகளைத் தாமே ஒதுக்கிவிட்டு மறுபடி கடைந்தார். இம்முறை ஆசிரியர் ஏற்றுக்கொண்டு, 1998-இல் மான் தீவுக்கு அழைத்துக்கொண்டார். டேனியல்ஸ் வாழ்ந்திருக்கும்போதே, 2010-இல், ஆசிரியரின் அந்த இரட்டைச் சக்கரங்களை ஸ்மித் ஒரே சக்கரமாக்கினார்.