முகப்பும் உழைப்பும்: லேடெக் எழுத்துக்கோப்பு முறை பற்றிய ஒரு நோக்கு

விஞ்ஞானக் கட்டுரையொன்றின் முகப்பு என நாம் கொள்வது தலைப்பு, ஆசிரியர் பெயர், அவர் சார்ந்த நிறுவனம், ஆய்வுச் சுருக்கம் ஆகியவற்றின் தொகுதியாகும். இதனை வெறும் அலங்காரமாகக் கருதுதல் பொருந்தாது. யார் உழைத்தார், எந்நிறுவனத்தில் உழைத்தார், எவர் நிதி வழங்கினார் என்பன பெரும்பாலும் இங்கேயே பதிவாகின்றன. எனவே முகப்பை ஒழுங்கமைக்கும் கருவியும் விமர்சனத்துக்குரியதே.

தமது நூலின் அச்சுப்படிகளின் தரம் கண்டு அதிருப்தியுற்ற டொனால்ட் கனூத், 1977இல் டெக் என்னும் எழுத்துக்கோப்பு மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். அதன்மீது லெஸ்லி லம்போட் 1980களின் முற்பகுதியில் கட்டியெழுப்பியதே லேடெக். எழுதுபவர் பொருளைக் குறிப்பிடுவார். வடிவத்தை மென்பொருள் கவனித்துக்கொள்ளும் என்பது இதன் அடிப்படைக் கோட்பாடு.

முகப்பைப் பொறுத்தவரை இக்கோட்பாடு முழுமையாக நிறைவேறவில்லை என்பதே நமது கருத்து. லேடெக்கின் பொதுவான கட்டுரை வகுப்பில் தலைப்புக்கும் ஆசிரியருக்கும் திகதிக்கும் கட்டளைகள் உண்டு. நிறுவனத்துக்குத் தனிக் கட்டளை இல்லை. பெயரின் கீழ் வரியை முறித்து எழுதலாம். அல்லது 'தாங்ஸ்' என்னும் கட்டளையால் அடிக்குறிப்பாக இடலாம். நன்றியின் பெயர் பூண்ட கட்டளை முகவரியைச் சுமக்கிறது. ஒரே நிறுவனத்தைச் சேர்ந்த மூவர் இணைந்து எழுதின், அதன் பெயரை மும்முறை எழுதவோ குறியீடுகளைக் கையால் இடவோ நேரும். பிரித்து வைக்கப்பட்ட பொருளும் வடிவமும் மீண்டும் கலந்துவிடுகின்றன.

இக்குறையை வெளியீட்டாளர்கள் தத்தம் வகுப்புகளால் ஈடுசெய்தனர். அமெரிக்கப் பௌதிகவியற் கழகத்தின் ரெவ்டெக் நிறுவனத்துக்குத் தனிக் கட்டளை தருகிறது. எல்செவியரின் வகுப்பு முகப்பு முழுவதையும் தனிச் சூழலாக்கி, தொடர்புக்குரிய ஆசிரியரையும் குறிக்க வழிசெய்கிறது. இவை முன்னேற்றங்களே. ஆயினும் ஒன்றன் கட்டளைகள் மற்றொன்றுக்கு அப்படியே பொருந்துவதில்லை. ஒரு சஞ்சிகை ஏற்காத கட்டுரையை வேறொன்றுக்கு அனுப்பும் ஆய்வாளர், கருத்தில் ஒரு சொல்லும் மாறாதபோதும் முகப்பைத் திரும்ப அமைக்க வேண்டியவராகிறார். அச்சுக்கோப்பாளர் கூலி பெற்றுச் செய்த வேலையின் ஒரு பகுதி இவ்வாறு ஆய்வாளரின் கூலியற்ற உழைப்பாகியுள்ளது.

உழைப்பின் தன்மை மாறியிருப்பதையும் இவ்வமைப்புகள் போதியளவு உள்வாங்கவில்லை. ஹிக்ஸ் துகளின் திணிவு பற்றி 2015இல் வெளியான கட்டுரைக்கு 5154 ஆசிரியர்கள். அதன் 33 பக்கங்களுள் 24 ஆசிரியர், நிறுவனப் பட்டியலாகவே அமைந்தன. தனியொரு ஆசிரியரை மனத்திற்கொண்டு எழுந்த முகப்பு, கூட்டுழைப்பைத் தாங்கமாட்டாது பின்பக்கங்களுக்கு அனுப்பிவிடுகிறது.

பெயரின் நிலையும் இதுவே. லேடெக்குடன் வழங்கும் பிப்டெக், ஆளின் பெயரைக் குடும்பப் பெயரை மையமாகக் கொண்டு பகுக்கிறது. தம் பெயரை முன்னும் தந்தை பெயரைப் பின்னும் எழுதும் தமிழ் ஆய்வாளர், பிறர் மேற்கோள்களில் தந்தையின் பெயரால் அறியப்படுகிறார். முழுப்பெயரையும் சுருள் அடைப்புக்குள் இட்டு இதனைத் தவிர்க்கலாம் என்பது உண்மையே. ஆனால் விதியைத் தமதாகக் கொண்டவர் யார், விலக்கைத் தேட வேண்டியவர் யார் என்ற வினா எஞ்சுகிறது.

லேடெக் விலையின்றிக் கிடைப்பது, எவரும் திருத்தக்கூடியது. இக்குறைகள் நீங்கமாட்டாதவை அல்ல என்பதற்கு அதுவே சான்று. பெயரையும் நிறுவனத்தையும் பங்களிப்பையும் ஆய்வாளர் ஒருமுறை பதிந்தாற் போதும், அதனைத் தமக்கேற்ற வடிவில் அமைப்பது சஞ்சிகைகளின் கடன் என்ற நிலை ஏற்படல் வேண்டும். அன்றேல், பொருளை எழுதுபவரை வடிவத்தின் சுமையிலிருந்து விடுவிக்க எழுந்த கருவி, அச்சுமையை அவர் தோளிலேயே ஏற்றிய கருவியாக நிலைபெறும்.