இங்க்ஸ்கேப்பில் ஒரு சிக்குக் கோலம்

சித்திரம் வரைய ஆசை கொண்டவர்கள் கணிப்பொறியின் முன் அமர்ந்ததும் முதலில் தேடுவது, காகிதத்தில் பென்சில் எப்படி ஓடுமோ அப்படியே திரையிலும் ஓடுகிற ஓர் உபகரணத்தைத்தான் என்பதால், வெக்டர் சித்திரத்துக்கென்று அமைந்த மென்பொருள்கள் அவர்களுக்கு ஆரம்பத்தில் ஏமாற்றத்தையே தருகின்றன. அங்கே கை போன போக்கில் இழுத்த கோடு சீராக விழுவதில்லை. இரண்டு இடங்களில் கணுக்களை வைத்து, அவற்றிடையே வளைவு எந்தத் திசையில் புறப்பட்டு எந்தத் திசையில் வந்து சேர வேண்டும் என்பதைக் கணுவின் கைப்பிடிகளை இழுத்து நாமே நிர்ணயம் செய்த பிறகுதான் நல்ல கோடு உண்டாகிறது. டில்லியில் வசித்துக்கொண்டு, உத்தியோக நேரம் போக எஞ்சிய மாலைகளில் இங்க்ஸ்கேப் என்னும் மென்பொருளோடு பழகிவருகிற ஆரம்ப மாணாக்கனாகிய என்னுடைய அபிப்பிராயத்தைச் சொல்வதானால், அந்த நிர்ணயம் செய்யும் பழக்கமே இது கற்பிக்கிற பிரதானமான வித்தை. மற்றச் சௌகரியங்கள் எல்லாம் அதற்கு அடுத்தபடிதான்.

இங்க்ஸ்கேப் விலையின்றிக் கிடைப்பது. விண்டோஸ், லினக்ஸ், மேக் ஆகிய மூன்றிலும் ஓடுவது. ராஃப் லீவியன் எழுதிய கில் என்ற மென்பொருளிலிருந்து சோடிபோடி தோன்ற, சோடிபோடியிலிருந்து 2003-ஆம் ஆண்டில் தன்னார்வலர் சிலர் பிரித்து வளர்த்த கிளை இது. 1.0 என்ற எண்ணை எட்ட 2020 வரை காத்திருந்த இந்த மென்பொருளின், 2024 அக்டோபரில் வெளியான 1.4 பதிப்பையே நான் உபயோகிக்கிறேன். நேரு பிளேஸ் கடைத்தெருவில் கைமாறி வந்த சாமானிய மடிக்கணினியிலேயே இது சிரமமின்றி இயங்குகிறது. பென் டேப்லெட் வாங்கினால்தான் சித்திரக்காரன் ஆக முடியும் என்று அதே கடைத்தெருவில் சொல்லுவார்கள். வண்ணம் தீட்டும் மென்பொருளுக்கு அது பொருந்தலாம், ஆனால் கணுவை வைத்துக் கைப்பிடியை இழுக்கும் இந்த முறைக்கு ஒரு மௌஸே தாராளமாகப் போதும் என்பதால், அந்தச் செலவை ஆரம்பத்தில் ஒத்திப்போடலாம்.

இங்கே வளைவுகளுக்கு ஆதாரமாயுள்ள கணிதம் சித்திரக்கூடத்தில் பிறந்ததன்று, பிரான்சு தேசத்து மோட்டார் தொழிற்சாலைகளில் பிறந்தது. சித்ரோயன் கம்பெனியில் பால் த காஸ்தெல்ஜோவும், ரெனோ கம்பெனியில் பியர் பெஸியேவும், காரின் உடற்பகுதி வளைவுகளை எண்களால் துல்லியமாகக் குறிப்பதற்காகத் தனித்தனியே கண்ட முறையே, இன்று பெஸியே வளைவு என்ற பெயரால் எல்லா வெக்டர் மென்பொருள்களிலும் வழங்குகிறது. ஒரு முழு வட்டத்தை நான்கே கணுக்களால் வரைந்து, ஒவ்வொரு கைப்பிடியையும் ஆரத்தில் ஏறத்தாழ 0.552 பங்கு நீளத்துக்கு இழுத்துவிட்டால், உண்மை வட்டத்துக்கும் அதற்கும் உள்ள பேதம் ஆரத்தில் பதினாயிரத்தில் மூன்று பங்கைக்கூட எட்டாது. ஆகவே கணுக்களைக் கூட்டுவதால் அழகு கூடுவதில்லை என்பது இந்த வித்தையில் நுழைகிறவன் முதலிலேயே அறிந்துகொள்ள வேண்டிய தத்துவம்.

இதைப் பரீட்சித்துப் பார்க்கச் சிக்குக் கோலத்தைக் காட்டிலும் உத்தமமான சித்திரம் எனக்குத் தெரியவில்லை. ராமகிருஷ்ணபுரத்துத் தமிழ் நண்பர்களுக்கு அனுப்பப் பொங்கல் வாழ்த்து ஒன்று தயாரிக்க எண்ணி, ஐந்துக்கு ஐந்து நேர்ப்புள்ளிக் கோலம் ஒன்றை வரையத் துணிந்தேன். ஆவணத்தின் அமைப்புகளில் சதுரக் கட்டங்களை வரவழைத்து, ஸ்நாப்பிங் என்ற வசதியை இயக்கிவிட்டால், புள்ளிகள் கட்டம் கூடும் இடங்களில் தாமாகவே போய் ஒட்டிக்கொள்கின்றன. பென்சில் கருவியால் கோட்டை இழுத்தபோது, ஒரே ஒரு சுழிக்குள்ளேயே கணுக்கள் எறும்புச் சாரை போல மொய்த்து, வளைவு எங்கும் நடுக்கம் தெரிந்தது. கண்ட்ரோலும் எல்லும் சேர்த்து அழுத்தினால் கணுக்கள் குறையும் என்றாலும், கோலத்தின் வடிவமும் அதோடு சற்று நழுவிப்போவதால், அந்தக் குறுக்கு வழியை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

சரியான வழி கோலத்தின் இலக்கணத்திலேயே இருக்கிறது. சிக்குக் கோலத்தில் கம்பிகள் ஒன்றையொன்று கடக்கும் இடம், அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளின் நடுமையம்; அங்கே ஒவ்வொரு கம்பியும் புள்ளி வரிசைக்கு 45 பாகை சாய்ந்து செல்லும். எனவே பென் கருவியை எடுத்து, அந்த நடுமையங்களில் மட்டும் கணு வைத்து, கண்ட்ரோலை அழுத்தியபடி கைப்பிடியை 45 பாகையில் இழுத்துக்கொண்டு போனால், ஓரப் புள்ளிகளைச் சுற்றித் திரும்பும் இடங்களில் ஓரிரு கணுக்களைக் கூட்டினாலே போதும், கோலம் முழுதும் நெளிவு சுளிவோடு தானாக விளைகிறது. வாசலில் மாக்கோலம் இடுகிற பெண்மணி, விரலிடுக்கில் மாவு ஒழுகிக்கொண்டிருக்கும்போதே, எந்த இடத்தில் திரும்ப வேண்டும், எந்த இடத்தில் சும்மா போக வேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானித்து வைத்திருக்கிறாளே, அந்த ஞானத்தையே மென்பொருள் நம்மிடம் எதிர்பார்க்கிறது. தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1974-ஆம் ஆண்டிலேயே கோலங்களைக் கணித இலக்கண விதிகளாக எழுதிக்காட்டி ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார்கள் என்பதை நினைக்கும்போது, கணிப்பொறிக்கும் நம் வாசற்படிக்கும் உள்ள சம்பந்தம் புதிதன்று என்று விளங்குகிறது.

நாட் என்று ஒரு விசேஷ உத்தியும் இங்க்ஸ்கேப்பில் உண்டு. அதை ஏவினால், கம்பிகள் கடக்கும் இடங்களில் ஒன்று மேலாகவும் ஒன்று கீழாகவும் பின்னிக்கொண்டதுபோல் தோன்றும். பார்வைக்கு மனோகரமாகத்தான் இருந்தது. ஆயினும் தரையில் விழும் மாவுக்கு மேல் கீழ் என்ற பேதம் கிடையாதாகையால், அதை நீக்கிவிட்டேன்.

ஒரே வடிவைத் திரும்பத் திரும்ப அடுக்கும் வேலைக்கு, டைல்டு குளோன்ஸ் என்ற பகுதி அற்புதமான சகாயம் செய்கிறது. ஒரு சமதளத்தில் ஒரு வடிவத்தை இடைவிடாமல் நிரப்புவதற்குக் கணிதப்படி சாத்தியமான சமச்சீர் வகைகள் பதினேழு. அந்தப் பதினேழும் இங்கே பட்டியலாக இருக்கின்றன. ஹுமாயூன் சமாதியின் செம்மணற்கல் ஜாலிகளில் உள்ள அறுகோண அமைப்பைப் பார்த்துவிட்டு வந்து, ஒரு சிறு முக்கோணத் துண்டை மட்டும் வரைந்து, ஆறுமடிச் சமச்சீரைத் தேர்ந்தபோது, திரை முழுதும் அந்தப் பலகணி விரிந்தது. மூலத் துண்டில் ஒரு கணுவை அசைத்தால் அத்தனை பிரதிகளும் சேர்ந்து அசைகின்றன. டில்லியில் இருக்கும் ஆரம்ப மாணாக்கர்களுக்கு இந்த ஜாலிகளைக் காட்டிலும் நல்ல அப்பியாசப் புத்தகம் வேறு எங்கும் அகப்படாது.

தமிழ் எழுத்திலும் இங்க்ஸ்கேப் குறை வைக்கவில்லை. யூனிகோட் எழுத்துருவில் ‘கொ’, ‘கௌ’ முதலியன கொம்பும் காலும் பிறழாமல் நேரே திரையில் அமைகின்றன. வாழ்த்தைத் தட்டச்சு செய்து முடித்ததும், ஆப்ஜெக்ட் டு பாத் என்ற கட்டளையால் எழுத்துக்களை வடிவங்களாக மாற்றிக்கொண்டால், அச்சகத்தாரிடம் அந்த எழுத்துரு இல்லாவிட்டாலும் பாதகமில்லை. ஆனால் மாற்றிய பின் பிழை திருத்த முடியாது என்பதால், மூலப் பிரதி ஒன்றைத் தனியே சேமித்துவைப்பது அவசியம்.

குறை என்று சொல்ல வேண்டியது அச்சு விஷயத்தில்தான், அது சிறிய குறையும் அன்று. நம் நாட்டு அச்சகங்கள் பலவற்றில் கோரல்டிரா கோப்பைத்தான் கேட்கிறார்கள். அந்தக் கோப்பை இங்க்ஸ்கேப் திறக்குமே தவிர, அந்த வடிவில் சேமித்துத் தராது. பிடிஎஃப் ஆகக் கொடுத்தாலோ, திரைக்குரிய மூவண்ணக் கலப்பாகவே போவதால், அச்சுக்கு வேண்டிய நான்கு மைகளாக அது மாறும்போது, திரையில் குங்குமமாய் ஜொலித்த சிவப்பு மங்கி வருகிறது. இதற்கு நான் கைக்கொண்ட உபாயம், சித்திரத்தை எஸ்விஜி கோப்பாகவே சேமித்து, இங்க்ஸ்கேப்பைப் போலவே விலையின்றிக் கிடைக்கும் ஸ்கிரைபஸ் என்ற பக்க அமைப்பு மென்பொருளில் இறக்கி, அங்கே சிவப்பையும் மஞ்சளையும் நான்கு மை அளவுகளாக நிர்ணயம் செய்து, அதிலிருந்து பிடிஎஃப் எடுப்பது. முதலில் ஒரே ஒரு தாளை அச்சிட்டுத் தரச் சொல்லி, வண்ணத்தைப் பகல் வெளிச்சத்தில் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு மற்றவற்றுக்கு உத்தரவு கொடுப்பது நல்லது.