கணக்கில் வராத மனிதர்கள்: பேரழிவுத் தொடர்களும் நம் சமவெளியும்

2019 மே மாதம் எச்பிஓவும் ஸ்கையும் இணைந்து வெளியிட்ட ‘செர்னோபில்’, ஐந்தே பகுதிகள் கொண்ட தொடர். கிரெய்க் மேசின் எழுதினார், யோஹான் ரெங்க் இயக்கினார். அந்த ஆண்டு பத்து எம்மி விருதுகள் அதற்குக் கிடைத்தன. அணு அழிவைப் பற்றி அதற்கு முன்பும் பின்பும் பல படைப்புகள் வந்துள்ளன. அவற்றை வரிசையாக வைத்துப் பார்க்க நான் ஒரே உரைகல்லை எடுத்துக்கொள்கிறேன். ஆபத்து நடந்த இடத்துக்கு அனுப்பப்பட்டவர்களையும், அதன் பின் ஆயுள் முழுக்க அதைச் சுமந்தவர்களையும் ஒரு படைப்பு எவ்வளவு தூரம் பின்தொடர்கிறது என்பதே அது.

குண்டின் காலம்

தொலைக்காட்சி முதலில் அஞ்சியது அணுகுண்டுக்கு. பீட்டர் வாட்கின்ஸ் 1965இல் எடுத்த ‘தி வார் கேம்’ படத்தை பிபிசி இருபது ஆண்டுகள் ஒளிபரப்பாமல் நிறுத்தி வைத்தது. 1983 நவம்பரில் அமெரிக்காவில் வந்த ‘தி டே ஆஃப்டர்’ படத்தைச் சுமார் பத்துக் கோடிப் பேர் பார்த்தார்கள். மறு ஆண்டு பிபிசி ஒளிபரப்பிய ‘த்ரெட்ஸ்’ இவற்றிலெல்லாம் கடுமையானது. ஷெஃபீல்டு நகரத்துச் சாதாரணக் குடும்பங்களைக் குண்டு விழுந்த பிறகும் பதின்மூன்று ஆண்டுகள் அது பின்தொடர்கிறது. வெடிப்போடு கதையை முடித்துக்கொள்ளாததுதான் அதன் பலம்.

செர்னோபில்

1986 ஏப்ரல் 26, அதிகாலை 1.23. நான்காவது உலை வெடித்தது. பக்கத்து ஊரான பிரிப்யத்தில் இருந்த சுமார் 49,000 பேர் மறுநாள் பிற்பகலில்தான் வெளியேற்றப்பட்டார்கள். தீயணைப்பு வீரர் வசீலி இக்னாடென்கோவும் அவர் மனைவி லுத்மிலாவும் தொடரின் உயிர்நாடி. லுத்மிலாவின் வாக்குமூலத்தை ஸ்வெட்லானா அலெக்ஸியேவிச் 1997இல் வெளிவந்த தம் நூலில் பதிவு செய்திருந்தார். எழுத்தாளரின் கற்பனை எட்டாத நுணுக்கங்கள் அந்த வாக்குமூலத்தில் உண்டு. தொடர் அவற்றின் மேல் நிற்கிறது. உலைக்கு அடியில் சுரங்கம் தோண்ட அழைத்து வரப்பட்ட தூலா நகரச் சுரங்கத் தொழிலாளர்களும் அப்படியே மனத்தில் பதிகிறார்கள். உருகிய எரிபொருள் அந்த ஆழத்தை எட்டவில்லை. அவர்கள் உழைப்பு கடைசியில் தேவைப்படாமல் போனது.

குறைகளும் உண்டு. கர்ப்பிணியைத் தாக்கியிருக்க வேண்டிய கதிர்வீச்சை வயிற்றுக் குழந்தை வாங்கிக்கொண்டது என்று தொடர் சொல்வதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை. துணைத் தலைமைப் பொறியாளர் தியாத்லோவ் ஏறத்தாழ முழு வில்லனாகவே வருகிறார். சர்வதேச அணு பாதுகாப்பு ஆலோசனைக் குழுவோ 1992 அறிக்கையில் பழியை உலையை இயக்கிய ஊழியர்களிடமிருந்து நகர்த்தி, உலையின் வடிவமைப்பின் மேலும் பாதுகாப்புப் பண்பாட்டின் மேலும் வைத்தது. உலானா கோம்யூக் என்ற பெண் விஞ்ஞானி கற்பனைப் பாத்திரம். பல விஞ்ஞானிகளின் உழைப்பை ஒருவர் முகத்தில் தொகுத்தது அது. எதைக் கற்பனை செய்தோம், எதை மாற்றினோம் என்று மேசின் தொடரோடு வெளிவந்த ஒலித்தொடரில் பகுதி பகுதியாகச் சொன்னார். உண்மைச் சம்பவத்தைக் கையிலெடுக்கும் எவருக்கும் இந்த நேர்மை கடமை.

தொடரின் முடிவு எழுத்துகள், சோவியத் அரசின் மரணக் கணக்கு 31 என்றே நின்றுவிட்டதைச் சொல்கின்றன. அதிகக் கதிர்வீச்சுக்கு ஆளானவர்களில் 4,000 பேர் வரை இறுதியில் இறக்கக்கூடும் என்பது 2005இல் ஐ.நா. அமைப்புகள் கூடிய செர்னோபில் மன்றத்தின் மதிப்பீடு. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே கிடக்கும் மனிதர்களைப் பற்றியவையே இத்தகைய படைப்புகள் எல்லாம்.

ஃபுகுஷிமாவும் போபாலும்

2023இல் இரண்டு தொடர்கள் நெட்ஃபிளிக்ஸில் வந்தன. ஜப்பானின் ‘தி டேஸ்’, 2011 மார்ச் 11 தொடங்கி ஃபுகுஷிமா அணுமின் நிலையத்துக்குள் கழிந்த நாட்களை எட்டுப் பகுதிகளில் சொல்கிறது. இருட்டிய கட்டுப்பாட்டு அறையில் அளவுமானியைப் படிக்க வழியின்றித் தவிக்கும் ஊழியர்களை அது பொறுமையாகக் காட்டுகிறது. நிலையத்துக்கு வெளியே ஊரைவிட்டுப் போனவர்களுக்கு அதே பொறுமை கிடைக்கவில்லை.

மற்றொன்று, ஷிவ் ரவைல் இயக்கிய ‘தி ரயில்வே மென்’, நான்கு பகுதிகள் கொண்டது; அணு அல்ல, நச்சு வாயுவின் கதை. 1984 டிசம்பர் 2 இரவு யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து சுமார் 40 டன் மீத்தைல் ஐசோசயனேட் கசிந்தபோது, போபால் ரயில் நிலைய ஊழியர்கள் செய்ததைச் சொல்கிறது. குளிரூட்டும் அமைப்பு நிறுத்தப்பட்டிருந்ததையும் பாதுகாப்புக் கருவிகள் செயலற்றுக் கிடந்ததையும் தெளிவாக விளக்குகிறது. ராஜ்குமார் கேஸ்வானி என்ற பத்திரிகையாளர் 1982 முதலே எச்சரித்து எழுதியதன் சாயலில் ஒரு பாத்திரமும் உண்டு. ஆனால் திருடன், துரத்தல், சாகசம் என்று பரபரப்பு கூடக் கூட, போபாலின் மக்கள் பின்னணிக் கூட்டமாகிவிடுகிறார்கள். இழப்பீட்டுக்காக ஏற்கப்பட்ட மரணங்கள் மட்டும் 5,295. ஆலையில் கிடந்த 337 டன் நச்சுக் கழிவு 2025 ஜனவரியில்தான் பீதம்பூருக்கு எடுத்துச் செல்லப்பட்டது. இந்த நாற்பது ஆண்டுகளைச் சொல்ல இன்னொரு தொடர் வேண்டும்.

தமிழில் என்ன இருக்கிறது

தமிழ்ப் புனைவில் கதிர்வீச்சு வந்தது ‘விஸ்வரூபம்’ படத்தின் சீசியம் குண்டாக. பயங்கரவாதியின் கையில் இருந்தால் அச்சம், அரசின் கையில் இருந்தால் மௌனம் என்ற நிலையை நம் படைப்புலகம் இன்னும் தாண்டவில்லை. ஆவணப்படக்காரர்கள் தாண்டினார்கள். ஸ்ரீபிரகாஷ் 1999இல் ஜாதுகோடா யுரேனியச் சுரங்கப் பகுதி ஆதிவாசிகளைப் படமாக்கினார். ஆனந்த் பட்வர்தனின் ‘வார் அண்ட் பீஸ்’ 2002இல் வந்தது. அமுதன் ஆர்.பி. ‘கதிர்வீச்சுக் கதைகள்’ வரிசையில் மணவாளக்குறிச்சி, கல்பாக்கம், கூடங்குளம் ஆகிய ஊர்களுக்குச் சென்று அங்கிருந்தவர்களைப் பேசவிட்டார்.

தொடருக்கான கதைகள் நம்மிடம் இல்லாமல் இல்லை. 2003 ஜனவரியில் கல்பாக்கம் எரிபொருள் மறுபதப்படுத்தும் ஆலையில் ஒரு வால்வு பழுதானது. ஆறு ஊழியர்கள் வரம்பு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். அது வெளியுலகுக்குத் தெரிய மாதங்கள் ஆயின. கூடங்குளம் அணு உலையை எதிர்த்து 2011 ஆகஸ்டில் இடிந்தகரை லூர்து மாதா ஆலய வளாகத்தில் திரண்டவர்கள் ஆண்டுக்கணக்கில் அமர்ந்திருந்தார்கள். அங்கேயே பெண்கள் பீடி சுற்றினார்கள். 2012 செப்டம்பர் 10 அன்று மணப்பாட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மீனவர் அந்தோணி ஜான் உயிரிழந்தார். 2013 மே 6 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் உலைக்கு அனுமதி தந்தது. அதே தீர்ப்பில், போராடியவர்கள் மீதான வழக்குகளைத் திரும்பப் பெற முயல வேண்டும் என்றும் சொன்னது.

மேட்டூர் முதல் நாமக்கல் வரை

சேலம், நாமக்கல் சமவெளியில் அணு உலை இல்லை. ஆனால் அபாயத்தைக் கையாண்டு பிழைக்கும் உழைப்பு இங்கே நிறைய. 1936இல் மேட்டூர் கெமிக்கல்ஸ் தொடங்கியது முதல் மேட்டூர்க்காரர்கள் ரசாயன ஆலைகளின் பக்கத்திலேயே வாழ்கிறார்கள். 2024 டிசம்பரில் மேட்டூர் அனல் மின் நிலையத்தில் நிலக்கரித் தொட்டி சரிந்து ஒப்பந்தத் தொழிலாளர் இருவர் இறந்தார்கள். தென்மாநிலங்களின் கேஸ் டேங்கர் லாரித் தொழிலுக்கு நாமக்கல்லே மையம். 2012 ஆகஸ்டில் கண்ணூர் அருகே சாலாவில் ஒரு கேஸ் டேங்கர் கவிழ்ந்து 20 பேர் இறந்தார்கள். அத்தகைய சுமையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு இரவெல்லாம் ஓட்டும் டிரைவர்களின் வாழ்க்கையை எந்தத் தொடரும் இன்னும் தொடவில்லை. புஷ்கர்–காயத்ரியின் ‘சுழல்’ 2022இல் ஒரு சிமெண்ட் ஆலைத் தீவிபத்தோடுதான் தொடங்கியது. அந்தத் தீ விரைவில் துப்பறியும் கதைக்குப் பின்னணியாகிவிட்டது. தொடர் எடுக்கும் திறமை நம்மிடம் இருக்கிறது. அதைத் தொழிலாளியின் பக்கம் திருப்புவதுதான் பாக்கி.

மாடர்ன் தியேட்டர்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்த சேலத்துக்கு இது எட்டாத வேலை இல்லை. இங்குள்ள கல்லூரிகளின் தமிழ்த் துறைகளும் இதழியல் துறைகளும் முதல் அடியை எடுத்து வைக்கலாம். ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளர்கள், தீயணைப்பு வீரர்கள், டேங்கர் டிரைவர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள் சொல்வதை இப்போதே பதிவு செய்யுங்கள். அலெக்ஸியேவிச்சின் நூல் முதலில் வந்தது, தொடர் இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து வந்தது. நமக்கும் அந்த வரிசைதான் வழி. சாட்சிகள் முதியவர்களாகிக்கொண்டிருக்கிறார்கள். இந்த வேலையைத் தள்ளிப்போட நமக்கு உரிமை இல்லை.