நடுப்புள்ளிக்கு எவ்வளவு துல்லியம் வேண்டும்?

கையால் தேய்த்துத் தொலைநோக்கி செய்கிறவர்கள் கண்ணாடியின் வளைவைப் பூக்கோ சோதனையில் வாரக்கணக்கில் பார்க்கிறார்கள்; சீரமைப்புக்காக அதன் நடுவில் புள்ளி வைக்கும் வேலையை ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். வட்டு ஒரு பக்கம் தடித்திருந்தால் ஒளியச்சு விலகிவிடும் என்ற அச்சம் சிலருக்கு உண்டு. அது வீண் அச்சம். ஒளி முன்பரப்பில் பட்டே திரும்புகிறது. சுழற்றிச் சுழற்றித் தேய்ப்பதால் பரவளையம் வட்டின் மையத்தை ஒட்டியே அமையும். தடிப்பு வேறுபாட்டைப் பின்னாலுள்ள மூன்று திருகுகள் சரிக்கட்டிவிடும். புள்ளி ஒட்டினால் பிம்பம் கெடும் என்பதும் சரியல்ல. அந்த இடம் துணைக்கண்ணாடியின் நிழலில்தான் கிடக்கிறது. ஆக, வட்டின் நடுவை அச்சாகக் கொள்ளும் வழக்கத்தில் பிழையில்லை.

அந்த நடுவைக் கண்ணளவில் குறிப்பதுதான் பிழை. நியூட்டன் தொலைநோக்கியில் கோமா (விண்மீன் வால் முளைத்ததுபோல் தெரியும் பிழை) உறுத்தாத வட்டத்தின் விட்டம், குவிய விகிதம் எஃப் 8இல் சுமார் 11 மி.மீ.; எஃப் 5இல் 2.8, எஃப் 4இல் 1.4 மட்டுமே. புள்ளி 1 மி.மீ. தள்ளியிருந்தால், அதை நம்பிச் செய்யும் சீரமைப்பில் ஒளியச்சு குவியத்தில் அரை மி.மீ. விலகும். ஆறு அங்குல எஃப் 8 இதைப் பொறுத்துக்கொள்ளும். அதில் பழகிய கை எட்டு அங்குல எஃப் 4க்குப் போகும்போது, கையிருப்பான 0.7 மி.மீ. ஆரத்தில் பெரும்பங்கு புள்ளியிலேயே தீர்ந்துவிடும். லேசர் வாங்கினால் போதாதா என்றால், லேசரும் அந்தப் புள்ளியைத்தான் குறிவைக்கிறது.

விண்மீனைப் பார்த்தே திருத்தலாமே என்பது வலுவான மறுப்பு. நகராமல் நிற்பதால் துருவ விண்மீனைத்தான் கையேடுகள் பரிந்துரைக்கின்றன. சென்னைக்குத் தெற்கேயுள்ள ஊரப்பாக்கத்தில் அது அடிவானத்திலிருந்து 13 பாகைதான் உயரும். அதுவும் வடக்கே, சென்னையின் வெளிச்சத்துக்கும் கொந்தளிக்கும் காற்றுக்கும் நடுவே. உச்சிக்கு வரும் மகம் தெளிவாகத் தெரியும், ஆனால் கால் பாகைப் பார்வைப்புலத்தை ஒரு நிமிடத்தில் கடந்துவிடும். இங்கே விண்மீன் சோதனை கடைசிச் சரிபார்ப்புக்கே உதவும். காவலூர் வானாய்வகத்தின் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி 1986 முதல் ஒரே கட்டடத்தில் நிற்கிறது; மொட்டைமாடித் தொலைநோக்கி ஒவ்வொரு இரவும் படியேறுகிறது, அதன் ஒட்டுப்பலகை ஈரக்காற்றில் உப்புகிறது. தினமும் நம்பிப் பார்க்க அதற்கு ஒரு குறி தேவை.

கண்ணாடியின் விட்டத்துக்கே தாளை வெட்டி, இருமுறை மடித்து, மடிப்புகள் சந்திக்கும் இடத்தில் துளையிட்டு, அதன் வழியே குறியுங்கள். எஃப் 6க்குக் கீழே போகிறவர்கள் அரை மி.மீ.க்கு மேல் பிழை விடக் கூடாது.