பச்சை மட்டும் தெரியும் கணக்கு

ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையின் நீர்மட்டம் தினமும் அளக்கப்படுகிறது. முழு அளவு 44.28 அடி, இன்று எத்தனை அடி, வரத்து எத்தனை கன அடி என்பது மறுநாள் செய்தித்தாளில் வந்துவிடும். அணை நுரைத்தால் அதற்கும் படம் உண்டு. நீருக்குள் வளரும் செடிகளுக்குத்தான் அந்தக் கவனிப்பு இல்லை.

இத்தனைக்கும் நுரையும் செடியும் ஒரே கழிவில் பிறந்தவை. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாக பெங்களூருவின் சாக்கடையையும் சோப்பு நீரையும் சுமந்துதான் தென்பெண்ணை தமிழ்நாட்டுக்குள் நுழைந்து இந்த அணைக்கு வருகிறது. அதிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரஸும் வெங்காயத்தாமரைக்குக் கொழுத்த உரம். அமேசான் படுகையிலிருந்து வந்த இந்தச் செடி, நல்ல வெயிலும் சத்தும் கிடைத்தால் இரண்டே வாரத்தில் இரட்டிப்பாகும்.

இதைக் கண்காணிக்க இப்போது பலரும் நம்புவது செயற்கைக்கோளை. சென்டினல்-2 ஐந்து நாளுக்கு ஒருமுறை படம் எடுக்கிறது, அதுவும் இலவசமாக. பரிசல் இறக்காமலே களை எந்தக் கரையில் ஒதுங்கியது, எந்த மாதம் பரவியது என்று பார்த்துவிடலாம். எல்லைக்கு அப்பால் கர்நாடக ஏரியில் என்ன நடக்கிறது என்பதற்கும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். இது சின்ன லாபமல்ல.

ஆனால் அந்தப் படத்தில் ஒரு புள்ளி என்பது 10 மீட்டர் சதுரம். அதற்குள் அல்லியும் வெங்காயத்தாமரையும் கலந்து கிடந்தால் இரண்டும் ஒரே பச்சைதான். வேலம்பாசி எனப்படும் ஹைட்ரில்லா நீருக்கடியில் வளர்வது. கலங்கிய நீரில் அது படத்தில் விழவே விழாது. மழைக்காலத்தில் மேகம் வேறு மறைக்கும். ஆக, ‘இத்தனை ஏக்கர் களை’ என்ற கணக்கை நம்பி பொக்லைன் இறக்கினால் அல்லிக் கிழங்கும் சேர்ந்தே லாரியில் போகும். வெங்காயத்தாமரை விதையோ சேற்றில் 15, 20 ஆண்டுகள்கூட உயிரோடு கிடக்கும். அகற்றிய மறுநாள் எடுக்கும் படம் ஒப்பந்தக்காரரின் பில்லுக்கு உதவலாம், ஏரிக்கு உதவாது.

இதற்கு மாற்று ரொம்பப் பழையது: கயிற்றில் கட்டிய இரும்பு வாரியைக் குறித்த இடங்களில் வீசி இழுத்து, பல்லில் சிக்கியதை இனவாரியாகப் பிரித்து எழுதுவது. மெதுவான வேலை, ஆள் தேர்ச்சியும் வேண்டும். ஒரு பெரிய அணை முழுக்க இதைச் செய்து முடிப்பது நடக்காத காரியம். ஆனாலும் நாட்டுச்செடி குறைவதை முதலில் காட்டுவது இதுதான்.

இலையைக் கையில் எடுத்துப் பார்ப்பதிலும் விஷயம் இருக்கிறது. வெங்காயத்தாமரையைத் தின்பதற்காக 1980களில் பெங்களூரு ஏரிகளில் நியோகெட்டினா என்ற கூன்வண்டை விட்டார்கள். அது சுரண்டிய இலையில் சில மில்லிமீட்டர் அளவுக்குப் பழுப்புத் தழும்புகள் இருக்கும். புழு காம்பைத் துளைத்து உள்ளே போகும். தழும்புகளை எண்ணினால் வண்டு ஜெயிக்கிறதா என்று தெரியும். சத்து மிகுந்த நீரிலோ வண்டு தின்னும் வேகத்தைவிட செடி துளிர்க்கும் வேகம் அதிகம். அப்போது குறை வண்டின் மேல் இல்லை, வந்து சேரும் சாக்கடையின் மேல்.

ஆகவே செடிக் கணக்கும் நீர்ப் பரிசோதனையும் தனித்தனி கோப்புகளில் இருப்பதுதான் பெரிய ஓட்டை. கொடியாளம் அருகே ஆறு எல்லை தாண்டும் இடத்தில் பாஸ்பரஸையும், அணையில் வாரி வீச்சையும் ஒரே வாரத்தில் எடுத்து ஒரே தாளில் எழுதினால், எந்தக் கழிவுக்கு எந்தச் செடி கொழுத்தது என்று கர்நாடக அதிகாரிகளிடமே காட்டிப் பேச முடியும்.