சீறாவிலிருந்து ரஹீக்குக்கு

நம் சமுதாயத்தில் வாசிப்பு அருகிவிட்டதென மேடைதோறும் வருந்துவது வழக்கமாகிவிட்டது. அரபிக் கல்லூரி மாணவர், விடுமுறையில் ஊர் திரும்பும் வளைகுடா ஊழியர், மகளிர் மதரஸாவின் ஆசிரியை எனப் பலரிடமும் கைமாறிவரும் ஒரு நூலைக் கண்டவர் அவ்வாறு கூறத் தயங்குவர். ஸஃபிய்யுர் ரஹ்மான் முபாரக்பூரி அரபியில் எழுதிய ‘அர்ரஹீக்குல் மக்தூம்’ எனும் நபி வரலாறே அது. ராபிதத்துல் ஆலமில் இஸ்லாமி 1976இல் அறிவித்த போட்டிக்கு வந்த 171 நூல்களுள் முதற்பரிசு பெற்றது, தமிழிலும் கிடைக்கிறது. (முத்திரையிடப்பட்ட சுவன பானம் என்னும் பொருள்தரும் இப்பெயர், அல்முதஃப்பிஃபீன் அத்தியாயத்தின் 25ஆம் வசனத்திலிருந்து பெறப்பட்டது. ஆசிரியரின் அரபு ரசனைக்கு இதுவே சான்று.)

மக்கள் இதனை விரும்பிப் படிப்பதேன்? பக்தி என்ற விடை போதாது. பக்தி இருந்தும் திறக்கப்படாத நூல்கள் நம் அலமாரிகளில் ஏராளம்.

நூலின் தொடக்கத்தைப் பாருங்கள். அண்ணலாரின் (ஸல்) பிறப்புக்கு முன்பே அரபு மண்ணின் அமைவிடம், குலங்கள், ஆட்சி, சமயங்கள் என ஆசிரியர் விரித்துரைக்கிறார். மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் உமறுப் புலவரும் நாட்டிலிருந்தே தொடங்கினார். ஆனால் சீறாப்புராணத்தின் நாட்டுப் படலத்தில் மழை பொழிகிறது, ஆறு பெருகுகிறது, வயல் விளைகிறது. அரபகம் அங்கே தமிழ் மருத நிலமாகிவிடுகிறது. இது அறியாமையன்று. காயல்பட்டினத்து, கீழக்கரை மரக்காயர்கள் கடல்வழியே அரபு நாடுகளோடு வணிகம் செய்தவர்கள், மணலை அறியாதவர்களல்லர். நாயகத்தின் (ஸல்) ஊரைத் தம் ஊராக்கிக் காண்பதே அன்றைய இன்பம்.

இன்றைய வாசகரின் இன்பம் நேர் எதிரானது: தாமே அங்கு சென்று சேர்வது. உம்ரா முடித்து, உஹதில் 50 வில்லாளர் நிறுத்தப்பட்ட குன்றைக் கண்ணால் கண்டவர் அவர். ரஹீக்கில் அப்பக்கம் வரும்போது தம் நினைவோடு ஒப்பிட்டுப் படிக்கிறார். இடம், நாள், எண்ணிக்கை யாவும் ஒழுங்காக வந்து விழுகின்றன. ‘இதற்கு ஆதாரம் உண்டா?’ என்று கேட்டுப் பழகிய தலைமுறைக்கு, அடிக்குறிப்போடு வரும் செய்தி தனிச்சுவை தருகிறது. இச்சுவையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஸனது பார்த்து ஏற்கும் மரபு நம்முடையதே.

ஆனால் அச்சுவைக்கு ஒரு விலை உண்டு. ரஹீக்கின் பெரும்பகுதியைப் போர்களும் படையனுப்பல்களுமே நிறைக்கின்றன. அண்ணலாரின் இல்லமும் குணநலன்களும் இறுதி இயல்களில் சுருக்கமாக வந்து போகின்றன. பத்ரில் 70 ஒட்டகங்களும் 2 குதிரைகளும் இருந்தனவென உடனே சொல்லும் மாணவர், வீட்டினுள் நாயகம் (ஸல்) எவ்வாறு இருந்தார்கள் என்று கேட்டால் தடுமாறுகிறார். நூலின் அளவு விகிதமே வாசகரின் மனத்தில் அளவு விகிதமாகிவிடுகிறது.

உமறுவின் ‘மானுக்குப் பிணை நின்ற படலம்’ இதற்கு மறுதுருவம். வேடன் பிடித்த பெண்மான், குட்டிக்குப் பாலூட்டித் திரும்புவதாகச் சொல்ல, நாயகம் (ஸல்) அதற்குப் பிணையாகிறார்கள். அந்நிகழ்ச்சியின் அறிவிப்பாளர் தொடர் பற்றி ஹதீஸ் கலை வல்லுநரிடையே கேள்வி உண்டு. அதனை வரலாறாக வகுப்பில் நான் சொல்வதில்லை. எனினும் ஒரு தாய் மானின் தவிப்பருகே ஒரு படலம் முழுவதும் நின்றிருக்கும் பொறுமை 5027 விருத்தங்கள் பாடிய அப்புலவரிடம் இருந்தது. போர் அட்டவணைகளில் பழகிய கண்ணுக்கு அது எளிதில் வாய்ப்பதில்லை.

ரஹீக்கை முடித்து ‘அடுத்து என்ன?’ என வருவோரிடம் இமாம் திர்மிதியின் ‘ஷமாயில்’ நூலைத் தருகிறேன். அண்ணலாரின் தலைமுடி, காலணி, படுக்கை, சிரிப்பு, அழுகை என ஒவ்வொன்றுக்கும் அதில் தனிப்பாடம் உண்டு. அதற்குப் பிறகு மான் படலத்தை உரையோடு கொடுத்தால், ஆதாரக் கேள்வியைக் கேட்டுவிட்டு, முழுவதையும் படித்துவிட்டுத்தான் திருப்பித் தருகிறார்கள்.